குரல் முதலில், கேமரா பிறகு

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்களே, வணக்கம்.

துயரக் காதல் ஓபராவை, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசைநாடகத்தை, திரைப்படமாக எடுக்கும்போது குரலை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வதா, படப்பிடிப்புத் தளத்தில் நேரடியாகப் பாட வைப்பதா என்பதுதான் இன்றைய வழக்கு. முன்பதிவே முறை என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், சாகிற பெண்ணின் மூச்சைப் பதிவறையில் பிடிக்க முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் சாகிற பெண்ணிடமிருந்தே தொடங்குகிறேன்.

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ஓபரா 'லா திராவியாட்டா', 1853 மார்ச் 6 அன்று வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் அரங்கேறியது. காசநோயில் கரைந்து கிடக்கும் வயலெட்டா, கடைசி நிமிடத்தில் வலி நின்றுவிட்டது, உயிர் திரும்பி வருகிறது என்று எழுந்து பாடுகிறாள். அந்த மகிழ்ச்சியின் உச்சியிலேயே விழுந்து சாகிறாள். மேடையில் இதை ஓர் இரவுக்கு ஒரு முறை பாடினால் போதும். திரையில் அப்படியா? அறை முழுதும் தெரிய ஒரு ஷாட், கட்டிலருகே ஒன்று, அவள் முகத்துக்கு ஒரு குளோஸப், அவள் காதலன் அல்ஃபிரெடோவுக்கு, அவன் தந்தைக்கு, டாக்டருக்குத் தனித்தனியாக ஒவ்வொன்று. ஆறு ஷாட்டுக்கு மூன்று மூன்று டேக் என்றாலும் பதினெட்டு முறை. முழு வேடம் பாடிய சொப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி, மறுநாள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிற கலை இது. நேரடியாகப் பாட வைத்தால், முகத்தை நெருங்கிப் பார்க்கும் ஷாட்டுக்கு வரும்போது குரல் வற்றியிருக்கும்.

குரல் தாங்கினாலும் காலம் தாங்காது. ஒவ்வொரு முறையும் வேகம் ஒரு நூலளவு மாறும். முதல் டேக்கில் நீட்டிய இடத்தை ஐந்தாவது டேக்கில் நீட்டமாட்டார். எடிட்டர் இரண்டையும் ஒட்டினால் வாத்தியம் தடுக்கி விழும். ஒரே பதிவுக்குப் பதினெட்டு முறை நடித்தால், எந்த இடத்தில் வெட்டினாலும் இசை அறுபடாது.

எதிரணி இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தது. முதலாவது, 1992 ஜூலையில் ரோமில் நடந்த 'தோஸ்கா' என்ற ஓபரா. கதை நிகழும் தேவாலயம், அரண்மனை, கோட்டை ஆகிய அசல் இடங்களில், கதை சொல்லும் அதே வேளைகளில் பாடகர்கள் பாடினார்கள். நம் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா வேறொரு மண்டபத்தில் இசைக்குழுவை நடத்தினார். பெரும் சாதனை, தலைவணங்குகிறேன். ஆனால் அது நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு, ரீடேக்கே கிடையாது. ஷாட் ஷாட்டாகக் கட்டும் சினிமாவுக்கு அதை எப்படி அளவுகோலாக்குவது? இரண்டாவது, 2012-இல் வந்த 'லே மிசெராப்ள' என்ற படம். நடிகர்கள் காதுக்குள் பியானோ கேட்டபடி பாடினார்கள், இசைக்குழு பிறகு சேர்ந்தது. அது மைக்குக்குப் பாடும் மியூசிக்கல். ஓபராக் குரல் அறுபது எழுபது வாத்தியங்களைத் தாண்டி மைக் இல்லாமல் கடைசி வரிசையை எட்டப் பழகிய குரல். வெர்டியில் வாத்தியமும் குரலும் சேர்ந்து மூச்சு விடுகின்றன. பியானோவுக்குப் பாடியதன் மேல் வயலின்களை ஒட்டவைத்தால் அந்தக் கூட்டுமூச்சு வராது.

ஆனால் முன்பதிவு பல படங்களில் பொய்யாகத் தெரிகிறதே என்றார்கள். தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். குற்றம் முன்பதிவில் இல்லை, அதைச் செய்த விதத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடப் பாட்டுக்கு வாயசைப்பது நமக்குப் பழகிய சங்கதி. ஓபராவில் ஓர் அங்கம் அரை மணி நேரம் விடாமல் ஓடும். அங்கே உதடு மட்டும் அசைந்தால் முதல் குளோஸப்பிலேயே குட்டு வெளிப்படும். தொண்டை நரம்பு எழவேண்டும், விலா விரியவேண்டும். ஆகவே தளத்தில் பாடகர் அரைக்குரலிலாவது உண்மையாகப் பாடவேண்டும்; படத்தில் கேட்பது மட்டும் பதிவுக் குரல். இசைத்தட்டுக்குப் பதிவு செய்பவர்கள் மூச்சுச் சத்தத்தைத் துடைத்துவிடுவார்கள். படத்துக்கு அதைத் துடைக்கவே கூடாது! நண்பர் தேடிய மூச்சு அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் தாளத்துக்கு நாலு 'டிக்' சேர்த்துக்கொண்டால், பாடகர் சரியான நொடியில் மூச்சிழுப்பார்.

அடுத்தது தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒலிபெருக்கி பாடகரிடமிருந்து 15 மீட்டர் தள்ளி இருந்தால், நொடிக்கு 24 ஃபிரேம் ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு முழு ஃபிரேம் பிந்திவிடும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தால் தீர்ந்தது. கேமரா 25 ஃபிரேமில் எடுத்து, படம் 24-இல் ஓடினால் எல்லாம் நூற்றுக்கு நான்கு மந்தமாகும். ஒலியையும் கூடவே இழுத்தால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு இறங்கும். முதல் நாளே முடிவு செய்யவேண்டிய சங்கதி இது.

அறையின் அளவும் உண்டு. புச்சினியின் 'லா போயெம்' ஓபராவின் கடைசிக் காட்சியில், நோயில் கிடக்கும் மிமியின் முகத்தில் வெயில் படாமலிருக்க அவள் காதலன் ரொடால்ஃபோ ஜன்னலை மறைக்கப் போகிறான். அவள் இறந்ததை நண்பன் பார்த்துவிடுகிறான், இவனுக்குத் தெரியாது. அந்த நடைக்கு இசை தரும் நேரம் அளந்த நேரம். ஆறு நொடி இசைக்குப் பத்து மீட்டர் அறை கட்டினால் அவன் வேகமாக நடக்கவேண்டியிருக்கும். அதனால் செட் போடும் முன்பே பதிவு கையில் இருக்கவேண்டும். தச்சருக்கும் ஸ்டாப்வாட்ச் வேண்டும். இயக்குநர் நடிப்பை ஒத்திகை பார்த்துவிட்டே பதிவறைக்குள் வரவேண்டும், அங்கே கூடவே இருக்கவேண்டும். குரலைத் தனித் தடத்தில், எதிரொலி குறைவாகப் பதியவேண்டும். பெரிய மண்டபத்தின் முழக்கத்தோடு பதிந்த குரல் ஒரு மாடியறைக்குப் பொருந்தாது.

1982-இல் இயக்குநர் ஜெஃபிரெல்லி எடுத்த 'திராவியாட்டா'வில் பாடகர்கள் ஸ்ட்ராட்டாஸும் டொமிங்கோவும் தம் பதிவுக்குத் தாமே நடித்தார்கள். இயக்குநர் முன்னிசையிலேயே சாகக் கிடக்கும் வயலெட்டாவைக் காட்டி, கதையைப் பின்னோக்கிக் கொண்டுபோகிறார். வெர்டி அந்த மெலிந்த வயலின் இசையைத்தானே மூன்றாம் அங்கத்தின் வாசலில் மறுபடி வைத்தார்? பதிவை முன்னால் வைத்துக்கொண்டு திட்டமிட்டால் இப்படி இசைக்குள் இருப்பதையே படமாக்க முடிகிறது.

ஓர் இடத்தை மட்டும் எதிரணிக்கு மனமார விட்டுத்தருகிறேன். மூன்றாம் அங்கத்தில் வயலெட்டா ஒரு கடிதத்தைப் பாடாமல் பேச்சாக வாசிக்கிறாள், பின்னால் வயலின் பழைய காதல் மெட்டை வாசிக்கிறது. வயலினைப் பதிந்துகொள்ளுங்கள், அவள் காதுக்குள் மெல்லக் கேட்கட்டும், கடிதத்தைத் தளத்திலேயே, மைக்கைத் தலையணை அருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பேச்சு பதினெட்டு டேக்கையும் தாங்கும். கடிதத்தை முடித்து, காலம் கடந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகு பாட்டு தொடங்குகிறதே, அங்கிருந்து பதினெட்டாவது டேக் வரை எந்தத் தொண்டை தாங்கும் என்பதை அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.