சோடியம் எலக்ட்ரானைத் தானமாகவா கொடுக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். அயனிப் பிணைப்பு என்றதும் பள்ளியில் வரைந்த படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான். குளோரினுக்கு ஓர் எலக்ட்ரான் குறை. இது கொடுக்கிறது, அது வாங்கிக்கொள்கிறது, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்துவிடுகிறது. 1916-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் காசெல் முன்வைத்த கருத்தின் சுருக்கம் இது. படம் தப்பில்லை. ஆனால் சோடியம் மனமுவந்து எலக்ட்ரானைத் தானம் செய்வதுபோலச் சொல்லிக்கொடுக்கிறோமே, அங்கேதான் எனக்கு உறுத்தல்.

கணக்கைப் பாருங்கள். வாயு நிலையிலுள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகும். ஆமாம், பிடுங்கத்தான் வேண்டும், தானாக வராது. அதைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 தான். இதோடு போச்சா? திண்மச் சோடியத்தைத் தனித்தனி அணுக்களாக்க 107, குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஒரு மோல் அணுக்களைப் பெற 121. ஆக மொத்தம் 375 கிலோஜூல் நட்டம்.

அப்புறம் எப்படி இந்த வினை அவ்வளவு மூர்க்கமாக நடக்கிறது? உருவான அயனிகள், அதாவது மின்சுமை பெற்ற அணுக்கள், சும்மா இருப்பதில்லை. நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்த்து நெருங்குகின்றன, அதுவும் ஜோடி ஜோடியாக அல்ல. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று எல்லாத் திசையிலும் அடுக்கு நீள்கிறது. உப்புப் படிகத்துக்குள் இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் என்று தனி மூலக்கூறே கிடையாது! இந்த அடுக்கு உருவாகும்போது வெளிப்படும் படிகக்கூடு ஆற்றல் 787 கிலோஜூல். நட்டத்தை அடைத்த பிறகும் 410 சொச்சம் மிஞ்சுகிறது. 1919-இல் வந்த போர்ன்-ஹேபர் சுழற்சி இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

மெக்னீசியம் ஆக்சைடில் இரு பக்கமும் மின்சுமை இரட்டிப்பு, அயனிகளும் சிறியவை. அதனால் படிகக்கூடு ஆற்றல் சுமார் 3,800-ஐத் தொடுகிறது. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மெக்னீசியம் ஆக்சைடோ 2,800-ஐத் தாண்டினால்தான் உருகும்.

சரி, சோடியமும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டால் இன்னும் இறுக்கமான படிகம் கிடைக்குமே என்று கேட்பீர்கள். இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது. அதைப் பிடுங்க மட்டும் 4,562 கிலோஜூல் வேண்டும். குளோரைடுடன் சேர்ந்து எந்தப் படிகம் அமைந்தாலும் அந்தச் செலவு ஈடாகாது.