தேயிலைக் கப்பல்களும் நம் தோணியும்

(தூத்துக்குடியில் நூலக வார விழாக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மழை மேகத்தையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும், தோணி செலுத்திய தண்டல் பெரியவர்களே, தோணி கட்டும் ஓடாவிகளே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் பந்தல் முதல் ஒலிபெருக்கி வரை தாமே நின்று கவனித்ததை மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. மாமன்ற உறுப்பினர் அவர்களுக்கு வேறு கூட்டமும் இருக்கிறது. ஆனாலும், நீங்கள் வைக்கப் போகும் வேண்டுகோளைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வாக்கை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

கிளிப்பர் என்று பெயர் பெற்ற வேகப் பாய்மரக் கப்பல்களைப் பற்றி நான்கு செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். அவை வேகம் பெற்ற விதம், 1866 தேயிலைப் பந்தயம், அவை சுமந்த அபினியின் பாவம், கடைசியில் அவற்றுக்கு நேர்ந்த கதி. நான்குக்கும் சேர்த்து ஒரே பழமொழிதான் எனக்குத் தோன்றுகிறது: காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். களத்து மேட்டில் பிறந்த பழமொழி அது. அதன்படி உயிரைப் பணயம் வைத்து வாழ்ந்தவர்கள் கடலோடிகள்.

அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் அகலமான கப்பல். முன்பக்கம் உருண்டு திரண்டு இருக்கும். நிறைய ஏற்றலாம், ஆனால் தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டுதான் போகும். இரவானால் பாயைக் குறைத்துவிடுவார்கள். அவசரம் யாருக்கும் இல்லை. நியூயார்க்கில் ஜான் கிரிஃபித்ஸ் என்பவர் இந்த வடிவத்தையே மாற்றினார். அவர் வரைந்த ‘ரெயின்போ’ 1845-இல் கடலில் இறங்கியது. அணியம், அதாவது கப்பலின் முன்முனை, கத்தி போலக் கூர்ந்து உட்குழிந்திருந்தது. உடலின் அகன்ற பகுதி பின்னுக்குத் தள்ளிப்போயிருந்தது. அதற்கு மேல் வானளாவிய பாய்மரங்கள், அடுக்கடுக்காகப் பாய்கள். சரக்கு குறையும், வேகம் கூடும். யார் அதற்குக் கூலி கொடுப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு மூன்றே ஆண்டில் பதில் வந்துவிட்டது. 1848-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகமே அங்கே ஓடியது.

நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் கொம்புமுனையைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக மற்றக் கப்பல்களுக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். டொனால்ட் மெக்கே பாஸ்டனில் கட்டிய ‘ஃபிளையிங் கிளவுட்’ 1851-இல் 89 நாள் 21 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 1854-இல் இன்னும் 13 மணி நேரம் குறைத்தது. பாய்மரக் கப்பல்களில் அதை வெல்ல 1989 வரை ஆளில்லை. பெண் பிள்ளைகளே, கவனியுங்கள்: அந்தக் கப்பலுக்கு வழி கணித்தவர் தலைவனின் மனைவி எலினர் கிரீசி. மாத்யூ மோரி என்ற கடற்படை அதிகாரி ஆயிரக்கணக்கான கப்பல் குறிப்பேடுகளை அலசி, எந்த மாதம் எந்தக் கடலில் எந்தக் காற்று வீசும் என்று வரைபடம் போட்டிருந்தார். காற்று வரட்டும் என்று காத்திருக்காமல், காற்று இருக்கும் இடத்துக்குக் கப்பலைக் கொண்டுபோனார்கள். அதற்கு ஏடு வேண்டும், ஏட்டில் எழுதி வைத்த மனிதர்கள் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்கப் போவது இதைத்தான்.

சரி, தேயிலைக்கு வருவோம். பிரிட்டிஷ் துறைமுகங்களை அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, 1850-இல் ‘ஓரியண்டல்’ என்ற அமெரிக்கக் கப்பல் ஹாங்காங்கிலிருந்து 97 நாளில் தேயிலையோடு லண்டனுக்கு வந்தது. பிரிட்டிஷ் கப்பல்காரர்களுக்கு அது பெரிய அடி. அவர்களும் கட்டத் தொடங்கினார்கள். புதுத் தேயிலைக்கு லண்டனில் தனி விலை. முதலில் வரும் கப்பலுக்கு டன்னுக்குப் பத்து ஷில்லிங் கூடுதல் கூலி. பந்தயம் பிறந்தது இப்படித்தான்.

1866 மே மாதக் கடைசி. சீனாவின் ஃபூச்சோ, மின் ஆற்றங்கரை. இரவு பகலாகத் தேயிலைப் பெட்டிகள் ஏறுகின்றன. ‘ஏரியல்’ முதலில் ஏற்றி முடித்துவிட்டது. தலைவர் ஜான் கே கயிறு அவிழ்க்கச் சொல்லிவிட்டார். ஆனால் பாருங்கள், கப்பலை இழுத்துப்போக வந்த இழுவைப் படகுக்குப் போதிய வலு இல்லை. ஓதம், அதாவது கடலேற்றம், வடிந்துவிட்டது. கழிமுகத்து மணல்திட்டைத் தாண்ட முடியாமல் ஏரியல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்னால் கிளம்பிய ‘ஃபியரி கிராஸ்’ அதைக் கடந்து கடலுக்குப் போய்விட்டது. முதலில் முடித்தவர் அந்த ஆற்றுக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த மனம் எப்படித் துடித்திருக்கும்? கடலுக்குப் போன தண்டல் ஐயாக்களுக்குத்தான் அது தெரியும். மே 30 காலையில் ஏரியல், ‘டேப்பிங்’, ‘செரிகா’ மூன்றும் ஒரே ஓதத்தில் திட்டைத் தாண்டின.

அப்புறம் தென்சீனக் கடல், சுண்டா நீரிணை, நம்முடைய இந்தியப் பெருங்கடல், நன்னம்பிக்கை முனை, அட்லாண்டிக். ஏறத்தாழ 14,000 கடல் மைல். ஒன்றையொன்று பார்க்காமல் வாரக்கணக்கில் ஓடின. செப்டம்பர் 5 அன்று ஆங்கிலக் கால்வாயில் விடிகிறது. ஏரியலுக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல், எல்லாப் பாயும் விரித்தபடி. யார் அது? டேப்பிங்! 99 நாள் ஓடிய இரண்டு கப்பல்கள் கால்வாய் முழுக்க மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மறுநாள் காலை இங்கிலாந்தின் டீல் கரைக்கு ஏரியல் சில நிமிடங்கள் முந்தி வந்தது. அங்கிருந்து இழுவைப் படகு. விதி பாருங்கள், இந்த முறை நல்ல படகு டேப்பிங்குக்கு வாய்த்தது. தேம்ஸ் ஆற்றில் அது முந்தியது. ஆனால் ஓதம் ஏறினால்தான் கப்பல்துறைக் கதவு திறக்கும், இரண்டும் காத்திருந்தாக வேண்டும். டேப்பிங் தண்ணீரில் அவ்வளவு ஆழம் அமிழாத கப்பல். இரவு 9.47-க்கு அது உள்ளே போய்விட்டது. ஏரியல் 10.15-க்கு. செரிகாவும் அந்த நள்ளிரவுக்கு முன்னமே வந்துவிட்டது. பாதி உலகத்தைச் சுற்றி வந்த கப்பல்களுக்கு இடையில் 28 நிமிடம்!

வழக்கு வம்பு வேண்டாம் என்று கப்பல்காரர்கள் இரண்டு பேரும் கூடுதல் கூலியைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். கைதட்டுகிறீர்கள், தட்டத்தான் வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர்களுக்குப் பின்னால் ஃபூச்சோவில் கிளம்பிய ‘எர்ல் கிங்’ என்ற நீராவிக் கப்பல் 77 நாளில் தேயிலையை லண்டனில் இறக்கிவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று வாழ்ந்தவர்களுக்கு, காற்றே வேண்டாத எதிரி வந்துவிட்டான். 1869 நவம்பர் 17-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. செங்கடல் வழி பாய்மரத்துக்கு ஒத்துவராது, காற்று எதிராக நிற்கும். நீராவிக்கு அது ஆயிரக்கணக்கான மைல் மிச்சம். அதே மாதம் 22-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் ‘கட்டி சார்க்’ கடலில் இறங்கியது. இரும்புச் சட்டகம், அதன்மேல் மரப்பலகை, அடியில் உலோகத் தகடு. இந்த வகைக் கட்டுமானத்தின் உச்சம் அது. கால்வாய் திறந்து ஐந்து நாள் கழித்துப் பிறந்த பிள்ளை.

அபினியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஹௌராவில் 1829-இல் கட்டிய ‘ரெட் ரோவர்’ பருவக்காற்றை எதிர்த்துக் கல்கத்தாவிலிருந்து சீனாவுக்கு அபினி கொண்டுபோனது. பாய்மரத்தின் வேகத்துக்கு இப்படி ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அது தனிக்கூட்டத்துக்கு உரிய செய்தி. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், எனக்கோ முக்கியமான வேண்டுகோள் பாக்கி இருக்கிறது.

அந்தக் கப்பல்கள் இன்றைக்கு எங்கே? டேப்பிங் 1871-இல் பாறையில் மோதி அழிந்தது. ஏரியல் 1872-இல் சிட்னிக்குப் போகும் வழியில் ஆளோடு காணாமல் போனது. ஃபிளையிங் கிளவுடை 1875-இல் அதிலிருந்த உலோகத்தை எடுப்பதற்காக எரித்துவிட்டார்கள். கட்டி சார்க்குக்கு மட்டும் அந்தக் கதி வரவில்லை. போர்ச்சுகலுக்கு விற்றுப் பெயர் மாறிப் போயிருந்த அதை, 1922-இல் வில்ஃப்ரெட் டவ்மன் என்ற மாலுமி தன் பொறுப்பில் மீட்டுவந்தார். அரசாங்கம் அல்ல, ஒரு தனிமனிதர். 1954-இல் கிரீன்விச்சில் கரையேற்றினார்கள். 2007-இல் தீப்பிடித்தது. அப்போதும் விடவில்லை, சீரமைத்து 2012-இல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் அதன் அடிப்பாகத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.

நாம் என்ன வைத்திருக்கிறோம்? இலங்கையின் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’யை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். நம் ஆட்களே பாய் கட்டி ஓட்டிப்போய் 1938-இல் மாசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கட்டிய ஊரில் அந்தக் கப்பல் இல்லை. இங்கே, இந்த ஊரில், பாயை மட்டும் நம்பிக் கொழும்புக்கு ஓடிய தோணிகள் எத்தனை? எஞ்சின் வைத்த தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் கொண்டுபோகின்றன, அவை வாழட்டும். ஆனால் பாய்த் தோணி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் எங்கே கூட்டிப்போவீர்கள்? மேடையில் இருக்கும் பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். ஒரே ஒரு தோணி. முழு அளவில், பாய்மரத்தோடு, சுக்கானோடு, கடற்கரையில் கூரை போட்டு நிறுத்திவைக்க இடம் கொடுங்கள். கட்டித்தர ஓடாவிகள் இருக்கிறார்கள், முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

இடமும் பணமும் வரும்வரை இன்னொன்று செய்யலாம், செலவே இல்லாதது. கொண்டல், கச்சான், வாடை என்ற காற்றுகள் எந்த மாதம் எப்படித் திரும்பும், மன்னார் வளைகுடாவில் எங்கே நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் பாய் கட்டி ஓடிய தண்டல்களின் நெஞ்சில் இருக்கிறது. மோரி குறிப்பேடுகளைத் தேடி எடுத்தார். நமக்கு ஏடு இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றால் அது இப்போதுதான், இந்தப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே. பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் அவர்கள் குரலைப் பதிந்து தந்தால் நூலகர் அம்மா பத்திரப்படுத்தி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நோட்டு ஒன்று இருக்கிறது. தண்டல் ஐயாக்கள் தங்கள் பெயரையும், தாங்கள் ஓடிய தோணியின் பெயரையும், எந்த நாளில் வீட்டில் இருப்பீர்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போகவேண்டும். எழுத முடியாதவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நன்றி, வணக்கம்.