உல்சூர்ப் பதிவேடும் லண்டன் கடிதங்களும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் இறையியல் பட்டம் முடித்த பிள்ளைகள், ஆயர் பணியில் இருக்கும் இளைஞர்கள், சில சமயம் அவர்களுடைய பெற்றோர், எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "ஐயா, ஆராய்ச்சி முதுகலை படிக்க வெளிநாடு போகலாம் என்றிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?"

நான் எந்தப் பெயரையும் சொல்வதில்லை. "நீ எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாய்?" என்று கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஆனால் அதற்குப் பதில் கிடைக்காமல் விண்ணப்பப் படிவத்தைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். முதுகலைப் படிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வகுப்பு, தேர்வு, கடைசியில் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரை. நமக்குப் பழகிய பாதை அது. மற்றொன்றில் வகுப்புகள் குறைவு. ஒரு கேள்வி, ஒரு நெறியாளர், ஒரு நீண்ட ஆய்வேடு, அவ்வளவுதான். பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டில் முடித்தாக வேண்டும். புதிய ஊர், புதிய குளிர், புதிய நூலகம் எல்லாம் பழகுவதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். அங்கே போய்க் கேள்வியைத் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தால் காலம் போதாது. கேள்வியை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். உல்சூரில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்து கண்டோன்மென்ட் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பம். "இந்தியத் திருச்சபையும் ஏழைகளும்" என்று ஒரு தலைப்போடு வந்தார். நல்ல மனது தெரிகிறது. ஆனால் எந்த ஏழை, எந்தச் சபை, எந்த ஆண்டு? ஓராண்டில் எழுதக்கூடிய தலைப்பா அது? "உங்கள் சபைக் கோவிலில் பழைய பதிவேடுகள் இருக்கின்றனவா அம்மா?" என்று கேட்டேன். "பீரோவில் இருக்கும் ஐயா, யாரும் திறப்பதில்லை" என்றார்.

இருவருமாகப் போய்த் திறந்தோம். அடக்கப் பதிவேடு ஒன்று கையில் கிடைத்தது. அட்டை போய்விட்டது, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது, எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. 1898ஆம் ஆண்டுப் பக்கங்களுக்கு வந்தோம். பெங்களூரில் பிளேக் புகுந்த ஆண்டு அது. நேயர்களில் பலர் பிரேசர் டவுனில் இருப்பீர்கள். அந்தப் பகுதியே அந்தப் பிளேக்குக்குப் பிறகு உருவானதுதான். பதிவேட்டில் பெயர், வயது, தொழில், மரணத்தின் காரணம், அடக்கம் செய்தவர் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் மேலே 'பிளேக்' என்று ஒருமுறை எழுதியிருந்தது. அதன் கீழே 'மேற்படி'. அதற்குக் கீழே 'மேற்படி'. பக்கத்தின் அடிவரைக்கும் 'மேற்படி'தான். தொழில் கட்டத்தில் சமையல்காரர், ஆயா, குதிரைக்காரர் என்று இருந்தது.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவியின் கண் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. "ஐயா, இங்கே ஆயரின் கையெழுத்து இல்லையே" என்றார். உண்மைதான். வாரக்கணக்கில் ஒரு உபதேசியார்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். குருப்பட்டம் பெறாத மனிதர். அப்படியானால் எந்த அதிகாரத்தில் அடக்க ஆராதனை நடத்தினார்? எந்த ஜெபத்தைச் சொன்னார்? அபாயம் நீங்கிய பிறகு மிஷன் அவரை என்ன செய்தது, பாராட்டியதா, கண்டித்ததா? ஊழியம் யாருடையது என்று இறையியல் வகுப்பில் மாதக்கணக்கில் பேசுகிறோம். அந்தக் கேள்வி முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் இருந்தது.

இனி எங்கே போவது என்பது தானாகவே தெளிவாகிவிட்டது. பெங்களூரில் வேலை செய்த லண்டன் மிஷன், வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் இரண்டின் பழைய ஆவணங்களும் லண்டனில், சோவாஸ் என்று அழைக்கப்படும் கல்லூரியின் காப்பகத்தில் இருக்கின்றன. உபதேசியாரின் பக்கம் தமிழில் இங்கே இருக்கிறது. அவருக்கு மேலே இருந்தவர்கள் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அங்கே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆய்வு முன்மொழிவில் அதையே எழுதினார். ஒரு பேராசிரியர் உடனே பதில் எழுதினார்: அந்தப் பதிவேட்டை இதற்குமுன் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று.

இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் என் வாழ்நாள் முழுவதும் சொல்லிவருவது இதுதான். உங்கள் ஆதாரங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கே போங்கள். பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியலை அதற்குப் பிறகு பார்க்கலாம். திருநெல்வேலித் திருச்சபையைப் பற்றிக் கேள்வி இருக்கிறதா? அங்கே உழைத்த சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடியைப் பற்றியா? அந்த மிஷனின் ஆவணங்களுக்கு ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போக வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூலை எழுதி முடித்தார். அது அச்சேறியது 1867இல், சென்னையில். ஒன்றரை நூற்றாண்டு அது ஏன் அச்சேறாமல் கிடந்தது என்று ஆராய ஜெர்மன் மொழி வேண்டும். இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்றுத் தருகிறார்கள். விமானம் ஏறுவதற்கு ஓராண்டு முன்பே போய்ச் சேருங்கள்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே இறையியல் கற்பிக்கும் நியூ காலேஜை ஒட்டிய மண்டபத்தில்தான் 1910இல் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. நம் தமிழர், திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா, அங்கே எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். இரண்டு ஆண்டுகளில் அவரே ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நம் மாணவர்கள் நெறியாளரின் அறைக்குள் போகும்போது அவரை நினைத்துக்கொள்ள வேண்டும். மரியாதையினால் வாய் மூடிக்கொண்டு இருப்பது நம் வழக்கம். அங்கே நெறியாளர் சொன்னது தவறு என்று தோன்றினால் ஆதாரத்தைக் காட்டி மறுக்க வேண்டும், அதைத்தான் அவரும் எதிர்பார்க்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்காக, எதைப் பேசினாலும் உங்கள் பண்பாட்டில் இது எப்படி என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அதையும் மறுக்கலாம். பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீனைப் பற்றிப் பேசவும் நமக்கு உரிமை உண்டு.

எல்லோரும் போகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. அசரியா பேசிய அதே 1910இல் தொடங்கியது நம் மில்லர்ஸ் சாலையிலுள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி. செராம்பூர் பல்கலைக்கழகத்தின் எம்.டிஎச். என்னும் இறையியல் முதுகலைப் பட்டத்தை இங்கே இரண்டு ஆண்டுகளில், ஆய்வேட்டோடு படிக்கலாம். கல்லூரியின் ஆவணக் காப்பகத்தைத் தேடி வெளிநாட்டு ஆய்வாளர்கள் வருகிறார்கள். இலங்கையிலிருந்தோ மியான்மரிலிருந்தோ மாணவராக வருகிறவர்களுக்கு நாம்தான் வெளிநாடு. அவர்களுக்குத் தங்க இடமும், 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தால் 14 நாட்களுக்குள் செய்ய வேண்டிய அயல்நாட்டவர் பதிவுக்கு வழியும் காட்ட வேண்டியது இங்குள்ள நம் சபைகளின் கடமை.

ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. பணத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். உதவித்தொகைக்கான கடைசித் தேதி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முன்பே முடிந்துவிடுவது உண்டு. முதலில் அதைப் பாருங்கள். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். குடும்பத்தோடு போக விரும்பும் ஆயர்கள் கவனியுங்கள்: 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், வகுப்பு சார்ந்த முதுகலைக்குப் போகிறவர்கள் பொதுவாக மனைவி மக்களை அழைத்துச் செல்ல முடியாது. ஆய்வு சார்ந்த உயர்பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பெயரில் ஆய்வு என்று இருந்தால் மட்டும் போதாது. உங்கள் படிப்பு அந்த வகையில் சேருமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேராயத்திடம் விடுப்பையும், திரும்பி வந்தால் என்ன பணி என்பதையும் அப்படியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.