பழைய வீட்ட இடிக்கணுமா, வெச்சுக்கணுமா? எங்க ஆயா வீட்டு செவுரு சொல்லுது

(காட்சி: கிருஷ்ணகிரி பழையபேட்டை தெரு, பின்னாடி மலைக்கோட்டை)

வணக்கங்க. பின்னாடி தெரியுதே மலைக்கோட்டை, 1791ல இங்கிலீஷ்காரன் படையோட வந்து மேக்கோட்டைய புடிக்க முடியாம திரும்பிப் போன இடம். அத யாரும் இடிச்சிட மாட்டாங்க, தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, 2010ல திருத்தின சட்டப்படி இந்த மாதிரி சின்னத்த சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாது, அதத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு பர்மிஷன் வாங்கணும். அதனால இந்த வீடியோ கோட்டைய பத்தி இல்லங்க. கீழ பேரே இல்லாம நிக்குதே ஓட்டு வீடு, கல்தூண் வெச்ச திண்ணை, மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்ச தட்டைக் கூரை) போட்ட பழைய கடை, அதுங்கள பத்தி.

அதுங்களுக்கு யாரு காவல்? பழைய கட்டடங்கள பாதுகாக்க பாரம்பரிய ஆணையம் அமைக்க தமிழ்நாட்டுல 2012லயே சட்டம் போட்டாச்சு, ஆனா அது அமலுக்கு வந்தது 2024லதான். நடுவுல பன்னெண்டு வருஷம். எத்தன திண்ணை போச்சோ.

இடிக்கறவங்கள நான் திட்ட மாட்டேன். பங்காளி அஞ்சு பேரு, வீடு ஒண்ணு, மெயின் ரோட்டு மேல இருக்கு, நாலு கடை கட்டி விட்டா மாசம் வாடகை வரும், என்ன பண்ணுவாங்க? ஆபத்தும் இருக்கு. 2021 டிசம்பர்ல திருநெல்வேலில ஒரு ஸ்கூல்ல செவுரு இடிஞ்சு மூணு பசங்க செத்துப் போனாங்க. உத்தரம் கரையான் அரிச்சு தொங்குதுன்னா இடிச்சுத்தான் ஆகணும், அங்க போய் பாரம்பரியம் பேசக்கூடாது.

ஆனா "வீடு வீணாப் போச்சு, அதான் இடிக்கறோம்"னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சந்தேகம். வீணாக்கினது யாரு?

(காட்சி: செவுத்துல இடுப்பு உயரத்துக்கு பூச்சு உதிர்ந்த இடம், க்ளோஸ்அப்)

இது எங்க ஆயா வீடு. உள்ள செங்கல்லும் மண் சாந்தும், மேல சுண்ணாம்பு பூச்சு. தரைல இருந்து ஈரம் செவுத்துக்குள்ள ஏறும், சுண்ணாம்பு பூச்சு வழியா அப்படியே வெளிய காஞ்சு போயிடும், ரொம்ப வருஷமா அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. நாங்க என்ன பண்ணோம்னா கொஞ்சம் உதிர ஆரம்பிச்சதும் மேஸ்திரிய கூப்ட்டு சிமெண்ட் பூசி எனாமல் பெயிண்ட்டும் அடிச்சுட்டோம், பளபளன்னு இருந்துச்சு, ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாவது மழைக்கு உப்பு பூத்துச்சு. ஈரம் வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறி, அதோட வந்த உப்பு சிமெண்ட்டுக்குப் பின்னாடி படிஞ்சு, பூச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. விழும்போது செங்கல்லோட முகத்தையும் பேத்துக்கிட்டுத்தான் விழுந்துச்சு, இங்க பாருங்க, விரல் வெச்சு தேச்சா மாவா கொட்டுது. உடனே சொந்தக்காரர் ஒருத்தர் "செவுரு செத்துப்போச்சு, இடிச்சுடு"ங்கறாரு. செவுரு சாவலைங்க, நாமதான் மூக்க பொத்திட்டோம்.

இப்ப ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட்ட கொத்தி எடுத்துட்டு, நீர்த்த சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணி ஊத்தி பூசியிருக்கோம். அந்த வேல தெரிஞ்ச ஆள தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, கூலியும் கூடத்தான், காயவும் நாளாகும்.

புதுசு வேணாம்னு சொல்லல. பக்கத்துலயே சித்தப்பா காங்கிரீட் வீடு கட்டியிருக்காரு, பாத்ரூம், பார்க்கிங் எல்லாம் அங்கதான் வசதி, ஆனா சித்திரை மாசம் ராத்திரி பதினோரு மணிக்கும் அந்த மாடி சுடும், அவரே பாய எடுத்துட்டு ஆயா வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவாரு. அப்புறம் இடிச்சே தீரணும்னாலும் அந்த கல்தூண வேலிக்கு நட்டுடாதீங்க, புது வீட்டு வாசல்லயே நிறுத்தலாம்.

இந்தப் பக்கம் சுண்ணாம்பு, அந்தப் பக்கம் பழைய சிமெண்ட்டு, நடுவுல சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருக்கேன். ஐப்பசி மழை முடிஞ்சதும் ரெண்டு பக்கத்தையும் காட்டறேன்.