சுவர் வருவது எப்படித் தெரிகிறது?

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மாணவத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பார்வையற்ற ஒருவர் நடந்து வருகிறார். சுவருக்கு இரண்டடி முன்னால் சட்டென்று நின்றுவிடுகிறார். கோல் சுவரில் படவில்லை, யாரும் குரல் கொடுக்கவும் இல்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "முகத்துல என்னமோ படுற மாதிரி இருந்துச்சு" என்பார். 1749-இல் பிரான்ஸின் தத்துவ எழுத்தாளர் திதரோ பார்வையற்றவர்களைப் பற்றி எழுதியபோதே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். முகத்தில் படும் காற்றை வைத்து உணர்கிறார்கள் என்பது அவர் கருத்து. அப்புறமும் நெடுங்காலம் இதற்கு 'முகப்பார்வை' என்றே பெயர்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை ஒழுங்காகச் சோதித்து 1944-இல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்தவர்களில் மைக்கேல் சூபா என்பவரே பார்வையற்றவர். அதனால்தான் கேள்வி அவ்வளவு கச்சிதமாக இருந்தது என்று நான் நினைப்பதுண்டு. பார்வையற்றவர்களையும் கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர்களையும் ஒரு தடுப்பை நோக்கி நடக்கச் சொன்னார்கள். முகத்தையும் கையையும் கனமான துணியாலும் தோலாலும் மூடினார்கள். அப்போதும் தடுப்பு இருப்பது தெரிந்தது. காதை அடைத்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் மோதிக்கொண்டார்கள். பிறகு, ஆராய்ச்சியாளர் கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க, வேறொரு அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர் தடுப்பு நெருங்குவதைச் சொன்னார். அவர் முகத்தில் எந்தக் காற்றும் படவில்லை. காலடி ஓசை தடுப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் அத்தனை பேரும் பிடித்திருக்கிறார்கள். காது வழியாக வந்த சேதியை மூளை முகத்தில் பட்டதாகச் சிலருக்குக் காட்டியிருக்கிறது.

நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு: "ஆண்டவன் கண்ணை எடுத்துக்கிட்டு காதைக் கூர்மையாக்கிட்டான்." ஆறுதலுக்குச் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் செவித்திறனை அளந்தால், எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. காதுக்குள் வரும் ஓசையை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அது பழக்கத்தால் வருவது. தானாக வந்துவிடும் என்று நம்பிப் பிள்ளைக்குக் கோலும், விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தும் சொல்லித்தராமல் விடும் வீடுகள் இருக்கின்றன. எனக்குக் கோபம் அங்கேதான்.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? கண்ணிலிருந்து வரும் சேதிகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதி பின்மண்டையில் இருக்கிறது. சேதியே வராவிட்டால் அந்தப் பகுதி சும்மா கிடக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். 1996-இல் நோரிஹிரோ சதாதோவும் சக ஆய்வாளர்களும் பார்வையற்றவர்கள் பிரெய்ல் படிக்கும்போது ஸ்கேன் எடுத்தார்கள். விரல் புள்ளிகளில் ஓட, பின்மண்டை சுறுசுறுப்பாக இருந்தது. அடுத்த ஆண்டு, சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்களின் பின்மண்டையில் வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து, அந்தப் பகுதியின் வேலையைச் சற்று நேரம் குலைத்துப் பார்த்தார்கள். பிரெய்ல் வாசிப்பில் பிழைகள் கூடின.

இதைவிட அழுத்தமான சான்று ஸ்பெயினில் கிடைத்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண்மணி, அறுபது வயதைக் கடந்தவர், பிரெய்லை மளமளவென்று படிப்பவர். பக்கவாதம் வந்து பின்மண்டையின் இரு பக்கமும் பாதிக்கப்பட்டது. பேச்சு தெளிவாக இருந்தது. பொருள்களைத் தடவி இன்னதென்று சொல்ல முடிந்தது. பிரெய்லை மட்டும் படிக்க முடியவில்லை. புள்ளிகள் விரலில் படுகின்றன, எழுத்தாகச் சேரவில்லை. கண் ஒருநாளும் பயன்படுத்தாத இடம் பழுதானதால் வாசிப்பு போய்விட்டது! 2000-இல் வெளியான அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

இன்னொரு சோதனையில், நல்ல பார்வையுள்ளவர்களின் கண்ணை ஐந்து நாள் இறுகக் கட்டிப் பிரெய்ல் பழக்கினார்கள். ஐந்தாம் நாளே தொடுதலுக்கு அவர்கள் பின்மண்டை வேலை செய்தது. கட்டை அவிழ்த்து ஒரு நாள் போனதும் அது நின்றுவிட்டது. ஐந்து நாளில் புது நரம்புப் பாதை போட்டிருக்க முடியாது. பாதை முன்பே இருந்திருக்கிறது, ஆள் நடமாட்டம்தான் இல்லை.

'இதெல்லாம் குழந்தைகளுக்குச் சரி, சர்க்கரை நோயால் ஐம்பது வயதில் பார்வை போனவருக்கு?' என்று நீங்கள் கேட்பது நியாயம். பதினான்கு வயதுக்குப் பின் பார்வை இழந்தவர்களிடம் காந்தத் துடிப்பு பிரெய்ல் வாசிப்பைக் குலைக்கவில்லை என்று 1999-இல் கண்டார்கள். அதாவது, பின்மண்டை வாசிப்புக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இளமையில்தான். அதற்காக, பெரியவர்களால் எதுவும் கற்க முடியாது என்று முடிவுகட்டத் தேவையில்லை. இங்கிலாந்தில் லோர் தாலர் குழுவினர் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்டுப் பொருளை அறியும் பயிற்சியைப் பத்து வாரம் கொடுத்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். வந்தவர்களில் மூத்தவருக்கு வயது 79. வயது பெரிய தடையாக இருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, நடமாட்டம் முன்னைவிட மேம்பட்டிருப்பதாகப் பயிற்சி பெற்ற பார்வையற்றவர்கள் அனைவருமே சொன்னார்கள்.