கடைசிக் குழாயில் என்ன வருகிறது?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, வாழ்த்துரை வழங்கிவிட்டு அடுத்த விழாவுக்குப் புறப்பட்டுவிட்ட நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, என் குரலைக் காப்பாற்றும் மைக் செட் தம்பி, மஞ்சக்குப்பத்து வாசகர் வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை ஒரு துண்டு போதும், தலை துவட்டவாவது ஆகும்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். நிலத்தடி நீரில் ஏறும் உப்பு, கழிப்பறைத் தொட்டி, குடிநீரில் குளோரின். மூன்றையும் பேசிவிடுகிறேன்.

'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவனுக்கு வேறு வேதம் கிடையாது.

2015 வெள்ளம் வடிந்த சமயம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஊர். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி. டேங்க் ஆபரேட்டர் பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு ஏணியில் ஏறுகிறார்.

"எவ்வளவு போடுவீங்கண்ணே?"

"ஒரு கை, சார்."

"யார் கை?"

"என் கைதான். ஆபீசர் வர்ற அன்னிக்கு ரெண்டு கை."

மறுநாள் தொட்டியடித் தெருவில் ஓர் ஆயா டம்ளரோடு வந்து அவரை மறித்துக்கொண்டது. "ஏம்ப்பா, முந்தாநேத்து வரைக்கும் என் காப்பியில சேத்து வாடை. நேத்து ஆஸ்பத்திரி வாடை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தண்ணி உங்கிட்ட கெடையாதா?"

அந்த நடுவைக் கண்டுபிடிக்கத்தானய்யா இத்தனை ஆராய்ச்சியும்! ஓரளவு தெளிந்த தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் சுமார் 2.5 கிராம். அந்தத் தொட்டிக்கு 75 கிராம், ஒரு காப்பி டம்ளரில் அடங்கிவிடும். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அவர் மூட்டையோ நாள்கணக்காக வாய் திறந்து கிடந்து கட்டிதட்டிப் போயிருந்தது. காற்றில் வீரியம் போன பவுடர் வெறும் சுண்ணாம்பு.

பவுடரிலிருந்து தண்ணீருக்கு வந்த குளோரின் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் சின்னக் கருவி, குளோரோஸ்கோப்பை எடுத்தேன். மஞ்சள் அடர அடர குளோரின் அதிகம். தொட்டியடிக் குழாயில் இரண்டு சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் அடர்ந்து ஆரஞ்சுக்கே போனது. இரண்டாம் தெருவில் இளமஞ்சள். காலனித் தெருக் கடைசிக் குழாயில் நிறமே இல்லை. அங்கே பைப் சாக்கடைக்குள் புகுந்து போகிறது, ஜாயிண்டில் கசிவு. தொட்டி வால்வை மூடினால் பைப்பில் அழுத்தம் இறங்கும், வெளியே கசிந்த ஓட்டை வழியே சாக்கடை உள்ளே வரும். வயிற்றுப்போக்கு எந்தத் தெருவில் என்று நான் சொல்ல வேண்டுமா? கை கணக்குப் போடுகிற ஊரில் கடைசித் தெருவுக்கு மிச்சம்தான். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பது இதற்குத்தான்.

அளக்கப் பெரிய கூடம் வேண்டாம். மருந்து ஊறிய தாள் போட்ட சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தால், ஒன்றிரண்டு நாளில் கறுப்பது மலக்கலப்புக்கு எச்சரிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு சோதனை என்பார்கள். 1982-லேயே நம் நாட்டு ஆய்வாளர்கள் மஞ்சா, மௌரியா, ராவ் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம், தலைமையாசிரியை அம்மா மனது வைத்தால். 1992-ல் ஓ139 என்ற புது காலரா சென்னையில் தலைகாட்டியதை மறந்துவிட்டோம். தானே புயல், அடுத்தடுத்த வெள்ளம் என்று கடலூர் வாங்காத அடியா?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரம் ஒரு முறை கடைசிக் குழாயில் குளோரின் பார்த்து, ரேஷன் கடைச் சுவரில் எழுத வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவுகோல். தொட்டியடியில் அளந்து எழுதுவது கணக்கில் சேராது. அரிசி எடை போர்டு தொங்குகிற இடத்தில் தண்ணீர் எடை தொங்கினால் என்ன குறைந்துவிடும்?

தலைவர் ஐயா இரண்டாவது சீட்டு அனுப்பிவிட்டார். உப்பும் கழிப்பறையும் அடுத்த கூட்டத்துக்கு, கூப்பிட்டால். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் அப்படியே வரிசையில் வாருங்கள். சொட்டு விட்டுப் பத்து வினாடிக்குள் நிறம் பார்க்க வேண்டும், கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே வாருங்கள்.