பால் காய்ச்சாத வீடு

வணக்கம். சினிமாவுக்கு செட் போடும் கலை இயக்குநரின் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு முற்றத்தைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பன்சி சந்திரகுப்தா காஷ்மீரில் வளர்ந்தவர். ஓவியர் ஆகும் ஆசையில் கல்கத்தா போனார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ எடுக்க வங்காளம் வந்தபோது, கலை இயக்குநர் யூஜின் லூரியேவிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்து சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. அதற்கடுத்து, 1956இல் ‘அபராஜிதோ’.

அதில் காசி வீடு ஒன்று வேண்டும். திறந்தவெளியில் கட்டத்தான் முதலில் நினைத்தார்கள். மழை வந்துவிடுமே என்ற பயத்தில் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் கட்டுவது என்று முடிவானது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முடியவே முடியாது என்று மல்லுக்கு நின்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. காசியில் உயர்ந்த சுவர்களுக்கு நடுவே முற்றம். அங்கே வெயில் நேரே இறங்காது. வானத்து வெளிச்சம் மட்டும் நிழலில்லாமல் கசியும். ஸ்டுடியோ விளக்கைப் போட்டால் ஆளுக்கு நாலு நிழல் விழுமே!

கடைசியில் மித்ராவே வழி கண்டார். முற்றத்துக்கு மேலே துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து அதன்மேல் விளக்கை அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். அந்த வெளிச்சத்தை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். முற்றத்தைக் கட்டியவரைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. செட் என்று தெரிந்திருந்தால்தானே அதைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?

நம் ஊரில் ‘நாயகன்’ பார்த்தவர்களில் எத்தனை பேர், அந்தத் தாராவி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்டது என்று யோசித்தார்கள்? அதற்கு தேசிய விருதே கிடைத்தது.

தம்பிகளே, தங்கைகளே, கதை கையில் வந்ததும் பென்சிலைத் தேடாதீர்கள். இது சொந்த வீடா, வாடகையா? எத்தனை வருஷமாக இருக்கிறார்கள்? தாத்தா எந்தச் சுவரில் தலை சாய்ப்பார்? அங்கேதான் எண்ணெய்க் கறை வரும். சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்கு, காலண்டர் எடுத்த இடத்தில் வெளுக்காத சதுரம். வரைபடம் பிறகு வரட்டும்.

இதை நான் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. முதல் சீரியலுக்கு ஒரு சமையலறை போட்டேன். டைல்ஸ், எவர்சில்வர் டப்பா, எல்லாம் பளபள. எனக்கு ஒரே பெருமை. டீ கொண்டுவந்த அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, இவங்க இன்னும் பால் காய்ச்சலையா?” என்றார்.

அன்று ராத்திரி அந்த அக்காவிடமே ஒரு தூக்கு டிகாஷன் வாங்கினோம். அடுப்புத் துணி, காலண்டர், அலமாரியில் விரித்த காகிதம் என்று ஒன்றுவிடாமல் தோய்த்தோம். விடியும்போது எண்ணெய்ச் சட்டிக்கு மேலே சுவரில் கரி தேய்த்துக்கொண்டிருந்தேன்.